அரசு விற்ற யுரேனியம் கம்பெனி: எந்தப் பொறுப்பு யார் தலையில் என்று கண்டுபிடிப்பது எப்படி?

1998 ஜூலை 28 அன்று அமெரிக்க அரசு தன் யுரேனியம் செறிவூட்டும் கம்பெனியைப் பங்குச் சந்தையில் விற்றது. கம்பெனியின் பெயர் யூசெக். ஒரு பங்கு 14 டாலர் 25 சென்ட், மொத்தம் பத்துக் கோடிப் பங்குகள். கம்பெனி கடன் வாங்கிக் கட்டிய தொகையும் சேர்ந்து அரசுக் கருவூலத்துக்கு ஏறத்தாழ 190 கோடி டாலர் போனது.

சரி, கம்பெனி கைமாறிவிட்டது. ஆலையைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரில் கலந்திருந்த நஞ்சு கைமாறியதா? வெட்டவெளியில் ஆயிரக்கணக்கில் அடுக்கியிருந்த யுரேனிய மிச்சச் சிலிண்டர்கள்? அங்கே முப்பது வருடம் வேலை பார்த்தவரின் ஓய்வூதியம்? இவற்றுக்கெல்லாம் ஒரே பதில் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தேடினால்தான் கிடைக்கும். எப்படித் தேடுவது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். சட்டம் படிப்பவர்கள், எரிசக்திச் செய்தி எழுத வந்தவர்கள், இப்படிப்பட்ட கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். உதாரணம் முழுக்க யூசெக்தான். ஒரு அணு எரிபொருள் கம்பெனி அரசிடமிருந்து தனியாருக்குப் போய், திவாலாகி, வேறு பெயரில் எழுந்து நின்ற முழுக்கதையும் பொது ஆவணங்களில் கிடைக்கிறது.

தொழிலைப் பற்றி இரண்டு வரி. மண்ணிலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் அணு உலைக்குப் பயன்படும் 235 வகை 0.7 சதவீதம்தான். பெரும்பாலான உலைகளுக்கு அது 3 முதல் 5 சதவீதம் வரை வேண்டும். அந்த அளவை உயர்த்துவதுதான் செறிவூட்டல். யூசெக்கிடம் இதற்கு இரண்டு ஆலைகள் இருந்தன: கென்டக்கி மாநிலத்தில் படூக்கா, ஓஹாயோ மாநிலத்தில் பைக்டன் ஊருக்கு அருகே போர்ட்ஸ்மவுத். இரண்டும் 1950களில் அணு ஆயுதத்துக்காக அரசு கட்டியவை.

முதல் வேலை: ஒரு நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்

யார் யாருக்குக் கடமைப்பட்டவர், எந்தத் தாளின்படி, எந்தத் தேதி வரை, எப்படி விலகலாம். இந்த நான்கும்தான் தலைப்பு. ஒரு பொறுப்பு கண்ணில் பட்டதும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் முதல் மூன்றை ஒழுங்காக நிரப்பிவிட்டு நான்காவதைக் காலியாக விட்டுவிடுவார்கள். நான்காவதுதான் உயிர். பைக்டன் ஊர் மக்கள் அதை எப்படித் தெரிந்துகொண்டார்கள் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது: தேதிக்கோடு போடுங்கள்

பழைய அரசு நிறுவனம் தனியாராகும்போது பொறுப்புகள் காலத்தை வைத்துத்தான் பிரியும். யூசெக் விஷயத்தில் கோடு ஒன்றல்ல, இரண்டு.

1992ஆம் ஆண்டின் எரிசக்திக் கொள்கைச் சட்டம், செறிவூட்டும் தொழிலை எரிசக்தித் துறையிடமிருந்து பிரித்து ஒரு அரசு நிறுவனமாக்கியது. அது 1993 ஜூலை 1 அன்று வேலையைத் தொடங்கியது. அது முதல் கோடு. அதற்கு முந்தைய நாற்பது வருடத்துப் பொறுப்புகள் எரிசக்தித் துறையோடு நின்றுவிட்டன. அடுத்து 1996 ஏப்ரலில் யூசெக் தனியார்மயச் சட்டம் வந்தது. விற்பனை 1998 ஜூலை 28இல் முடிந்தது. அது இரண்டாவது கோடு. இரண்டு கோடுகளுக்கும் நடுவில் உள்ள ஐந்து வருடத்தின் பொறுப்பு, பட்டியல் போட்டுக் கம்பெனிக்கு மாற்றியவை தவிர, அரசுடையது. இரண்டாவது கோட்டுக்கு அப்புறம் நடந்தது கம்பெனியுடையது.

படூக்கா ஆலையைச் சுற்றியிருந்த கிணறுகளில் டெக்னீஷியம் 99 என்ற கதிரியக்கப் பொருளும் டிரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பானும் கலந்திருப்பது 1988இல் தெரியவந்தது. முதல் கோட்டுக்கு முந்தையது என்பதால் அதைச் சுத்தம் செய்யும் பொறுப்பு எரிசக்தித் துறைக்கு. அதே வளாகத்தில் 1999இல் உருவான ஒரு பீப்பாய்க் கழிவு கம்பெனிக்கு. இரண்டும் ஒரே வேலிக்குள் இருக்கும். ஆகவே ஒரு கழிவைப் பார்த்ததும் அது எங்கே இருக்கிறது என்று கேட்பதைவிட, எப்போது உண்டானது என்று கேட்டுப் பழகுங்கள்.

மூன்றாவது: சட்டத்தை வாசியுங்கள், வரிசையைக் கவனியுங்கள்

1996 சட்டம் ஒன்றும் பெரிய புத்தகமல்ல, ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். விற்பனையை எதற்காகச் செய்ய வேண்டும் என்று அதில் ஒரு வாக்கியம் வருகிறது. கம்பெனி நெடுங்காலம் தாக்குப்பிடிக்க வேண்டும். ஆலைகள் தொடர்ந்து ஓட வேண்டும். உள்நாட்டில் யுரேனியம் தோண்டுவது, உருமாற்றுவது, செறிவூட்டுவது மூன்றும் நம்பகமாகவும் கட்டுபடியாகும் விலையிலும் கிடைக்க வேண்டும். இவற்றுக்குக் குந்தகம் வராத அளவுக்கு அரசுக்கு அதிகபட்சப் பணம் வர வேண்டும். பணம் கடைசியில்தான் வருகிறது, அதுவும் நிபந்தனையோடு. பிறகு வந்த ஒவ்வொரு சண்டையிலும் இரு தரப்பும் இந்த வாக்கியத்தைத்தான் தொட்டுப் பேசின. மனப்பாடம் செய்தாலும் தகும்.

அதே சட்டத்தில் பங்குதாரர்களுக்கும் கட்டு இருந்தது. விற்பனைக்குப் பிறகு மூன்று வருடம் எவரும் பத்து சதவீதத்துக்கு மேல் வாக்குரிமைப் பங்கு வைத்துக்கொள்ளக் கூடாது. வெளிநாட்டவரின் உடைமையிலோ கட்டுப்பாட்டிலோ ஆதிக்கத்திலோ கம்பெனி இருந்தால் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் ஆலையை ஓட்டச் சான்றிதழ் தரக் கூடாது. மூன்று வருடக் கட்டுக்குத் தேதி உண்டு, வெளிநாட்டுக் கட்டுக்குத் தேதி கிடையாது. நோட்டின் மூன்றாவது பத்தியில் இந்த வித்தியாசம் தெரியும்படி எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காவது: குத்தகைப் பத்திரம்

பலரும் நினைப்பதற்கு மாறாக, யூசெக் வாங்கியது ஆலைகளை அல்ல. இரண்டு ஆலைகளும் எரிசக்தித் துறையின் சொத்தாகவே இருந்தன. கம்பெனி குத்தகைக்கு எடுத்து ஓட்டியது. வீடு வாடகைக்கு எடுப்பவர் ஒப்பந்தத்தில் முதலில் எதைப் பார்ப்பார்? காலி செய்யும்போது என்ன செய்ய வேண்டும் என்பதைத்தானே? இங்கேயும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

குத்தகை முடியும்போது கம்பெனி வளாகத்தை இருக்கிறபடியே விட்டுவிட்டுப் போகலாம். ஆனால் இரண்டு நிபந்தனை: தான் உண்டாக்கிய, வெளியே அனுப்பி அப்புறப்படுத்த வேண்டிய கழிவை எடுத்துக்கொண்டு போக வேண்டும்; ஆலையைப் பாதுகாப்பாக நிறுத்திவைக்கப்பட்ட நிலையில் ஒப்படைக்க வேண்டும். கட்டடங்களை இடிப்பது, கதிரியக்கத்தைக் கழுவி எடுப்பது எல்லாம் நில உரிமையாளரான எரிசக்தித் துறையின் வேலை. அதற்கென 1992 சட்டமே ஒரு நிதியை உருவாக்கியது. அணு மின்சாரம் விற்கும் கம்பெனிகளும் அரசும் அதில் பணம் போட்டன.

விபத்து நடந்தால் நஷ்ட ஈடு யார் தருவது என்பதும் குத்தகையோடு சேர்ந்தது. 1957ஆம் ஆண்டின் பிரைஸ் ஆண்டர்சன் சட்டப்படி எரிசக்தித் துறை கம்பெனிக்கு ஈட்டுறுதி, அதாவது நஷ்டத்தைத் தான் ஏற்பதாக உறுதி, தந்திருந்தது. அரசு இடத்தைக் குத்தகைக்கு எடுக்காமல் சொந்த இடத்தில் ஆலை கட்டும் கம்பெனிக்கு இந்தக் குடை இல்லை. அது தானே காப்பீடு எடுத்துக் காட்ட வேண்டும்.

ஐந்தாவது: அன்றாடப் பொறுப்புகள்

இதுவரை பார்த்தவை அலமாரியில் இருக்கும் தாள்கள். இனி, காலை ஏழு மணி ஷிப்டுக்கு வருகிற ஆளின் கையில் இருக்கும் பொறுப்புகள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இந்தப் பகுதியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

1993 வரை ஆலைகளை எரிசக்தித் துறையே நடத்தியது, பிறகும் சில வருடம் அதுவே மேற்பார்த்தது. 1997 மார்ச் 3 முதல் மேற்பார்வை அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போனது. இரண்டு வகை அனுமதி உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். யுரேனிய வாயுவை நுண்துளைத் தடுப்புகள் வழியே செலுத்திப் பிரிக்கும் பழைய வாயு விரவல் ஆலைகளுக்குச் சான்றிதழ், கூட்டாட்சி விதித்தொகுப்பின் 10ஆம் தலைப்பில் 76ஆம் பகுதியின்படி. அதே வாயுவை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும், புதிதாகக் கட்டும் மையவிலக்கு ஆலைக்கு உரிமம், 70ஆம் பகுதியின்படி. பைக்டனில் கட்ட நினைத்த மையவிலக்கு ஆலைக்கான உரிமம் 2007 ஏப்ரலில் வந்தது. சான்றிதழை அதிகபட்சம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்; உரிமத்தின் ஆயுள் பல பத்தாண்டுகள்.

அப்புறம் ஒரு சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளுங்கள். விதிகள் அத்தனையையும் அது கற்றுக்கொடுத்துவிடும்.

செறிவூட்டும் ஆலைக்குள் யுரேனியம் வருவது யுரேனியம் ஹெக்சாஃபுளோரைடு என்ற வெள்ளைத் திடப்பொருளாக. தடித்த எஃகு உருளையில் வரும். செறிவூட்டாததற்கு 48ஒய் என்ற சிலிண்டர், செறிவூட்டியதற்கு 30பி. எண் என்பது குறுக்களவு, அங்குலத்தில். 48ஒய்யில் அதிகபட்சம் 12,501 கிலோவும், 30பியில் 2,277 கிலோவும் நிரப்பலாம். இந்த எண்களைப் பார்க்கும் புதியவர்களுக்கு, இவ்வளவு பெரிய உருளையில் ஏன் விளிம்பு வரை நிரப்பக் கூடாது என்று தோன்றும். அந்தப் பொருள் சுமார் 64 டிகிரி செல்சியஸில் உருகித் திரவமாகும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விரிகிறது. விரிவதற்கு இடம் இல்லையென்றால் எஃகு கிழியும்.

1986 ஜனவரி 4 அன்று ஓக்லஹோமா மாநிலத்தின் கோர் ஊரில், சீகோயா ஃபியூயல்ஸ் ஆலையில் அதுதான் நடந்தது. அளவுக்கு மேல் நிரப்பிவிட்ட ஒரு சிலிண்டரைச் சூடாக்கினார்கள். அது பிளந்தது. வெளியே வந்த பொருள் காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு ஆனது. நுரையீரலை எரிக்கும் வாயு அது. ஒரு தொழிலாளி இறந்தார். யுரேனியம் என்றதும் எல்லோரும் கதிரியக்கத்தைப் பற்றி நினைக்கிறோம். அந்த மனிதரைக் கொன்றது வேதிப்பொருள். எடைமேடைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து ஏன் சட்டப் பொறுப்பாகிறது என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

இப்போது அதே சிலிண்டரைச் சுற்றியுள்ள விதிகளை எண்ணுவோம். அதை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினால், அனுப்பியவரும் பெற்றவரும் 741 எண் படிவத்தில் எழுத வேண்டும். கிராம் கணக்கு அரசின் அணுப்பொருள் பதிவேட்டில் ஏறும். அது 74ஆம் பகுதி. சாலையில் ஏற்றிச் செல்வது 71ஆம் பகுதி. வெளிநாட்டுக்கு அனுப்ப 110ஆம் பகுதியின்படி ஏற்றுமதி உரிமம். காவல் ஏற்பாடு 73. தொழில்நுட்ப ரகசியம் காப்பது 95. சிலிண்டருக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்ப்பவருக்கு வருடத்துக்கு 50 மில்லிசீவர்ட்டுக்கு மேல் கதிரியக்கம் படக் கூடாது, வேலிக்கு வெளியே வசிப்பவருக்கு 1 மில்லிசீவர்ட். அது 20ஆம் பகுதி. வால்வு தயாரித்தவர் செய்த குறை பாதுகாப்பைப் பாதிக்கும் என்று தெரிந்தால் அறிவிக்க வேண்டும், அது 21.

70ஆம் பகுதிக்கு உட்பட்ட ஆலை இன்னொன்றும் செய்ய வேண்டும். என்னென்ன தவறு நடக்கலாம் என்று முன்கூட்டியே ஒவ்வொன்றாக யோசித்து எழுதி, பெரிய விளைவு தரக்கூடிய ஒவ்வொன்றையும் மிக அரிதாக்கும் தடுப்புகளைப் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும். யுரேனியம் தானாகவே தொடர்வினையைத் தொடங்கிவிடும் ஆபத்துக்கு ஒரே தடுப்பு போதாது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு தவறாவது ஒரே நேரத்தில் நடந்தால்தான் விபத்து சாத்தியம் என்ற நிலையில் வேலை அமைய வேண்டும். அப்படியும் தொடர்வினை நடந்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும். மற்றவை நிலைமையைப் பொறுத்து நான்கு மணி, இருபத்து நான்கு மணி. பின்னர் எழுத்தில் விவரம். இந்த மணிக்கணக்கை மேசைக்கு எதிரில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். சம்பவம் நடந்த அன்று விதிப்புத்தகம் புரட்ட நேரம் இருக்காது.

தவறு நடப்பதைப் பார்த்து மேலே சொன்ன ஊழியரைக் கம்பெனி பழிவாங்கக் கூடாது என்பது 1974ஆம் ஆண்டின் எரிசக்தி மறுசீரமைப்புச் சட்டத்தின் 211ஆம் பிரிவு. பழிவாங்கினால் 180 நாளுக்குள் தொழிலாளர் துறையிடம் புகார் தரலாம். இந்த 180ஐ உங்கள் நோட்டில் சிவப்பு மையில் எழுதுங்கள். நாள் தவறினால் நியாயம் இருந்தும் வழி அடைபட்டுவிடும்.

ஆறாவது: மிச்சம் எங்கே போகிறது?

செறிவூட்டியது போக மிஞ்சுவதை அந்தத் தொழிலில் டெய்ல்ஸ் என்பார்கள். அளவில் இதுதான் மிக அதிகம். இரண்டு ஆலைகளிலும், டென்னசி மாநிலத்து ஓக் ரிட்ஜ் ஆலையிலும் சேர்ந்த டெய்ல்ஸ் ஏறத்தாழ ஏழு லட்சம் டன்னைத் தொட்டது. வெயிலிலும் மழையிலும் திறந்த யார்டுகளில் வரிசை வரிசையாகச் சிலிண்டர்கள். துருப்பிடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்ப்பதே ஒரு முழுநேர வேலை.

இங்கே தேதிக்கோட்டோடு ஒரு புது விதியும் சேர்கிறது. தனியார்மயச் சட்டத்தின் 3113ஆம் பிரிவு சொல்வது: செறிவூட்டும் கம்பெனி கேட்டால் எரிசக்தித் துறை அதன் டெய்ல்ஸை ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும், அது குறைந்த கதிரியக்கக் கழிவு என்று முடிவாகும்பட்சத்தில், செலவைக் கம்பெனி கட்ட வேண்டும். குறைந்த கதிரியக்கக் கழிவுதான் என்று ஆணையம் முடிவு சொன்னது 2005இல்.

ஆக, யார்டில் இருக்கும் பொருளைக் கடைசியில் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறார், ஆனால் பணத்தை முதலில் எடுத்து வைக்க வேண்டும். கம்பெனி நாளை இல்லாமல் போனால் அந்தப் பணம் எங்கே? அதற்காகத்தான் நிதி உத்தரவாதம் என்ற விதி. ஜாமீன் பத்திரமோ வங்கியின் உறுதிக் கடிதமோ ஆணையத்திடம் தந்திருக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் டெய்ல்ஸ் கூடக் கூட அந்தத் தொகையும் கூட வேண்டும். ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையைக் கையில் எடுத்தால் லாப நஷ்டத்துக்கு முன்பு இந்தத் தொகை எவ்வளவு என்று தேடுவது நல்ல பழக்கம்.

கடமை அரசுக்கும் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். தனியார்மயத்தை ஒட்டி எரிசக்தித் துறை தன் கையிருப்பிலிருந்து ஆயிரக்கணக்கான டன் இயற்கை யுரேனியத்தை யூசெக்குக்குக் கொடுத்தது. அதில் 9,550 டன்னில் டெக்னீஷியம் அளவுக்கு மேல் இருப்பதாக 2000 டிசம்பரில் கம்பெனி தெரிவித்தது. ஒருமுறை உலையில் எரிந்து வந்த யுரேனியத்தை அரசு ஆலைகளில் மறுபடி ஓட்டிய காலத்தின் மிச்சம் அந்த மாசு. அதற்குப் பதிலாக நல்ல யுரேனியம் தருவது அல்லது சுத்தம் செய்வது என்ற கடமையை 2002 ஒப்பந்தத்தில் எரிசக்தித் துறை ஏற்றுக்கொண்டது. நோட்டின் முதல் பத்தியில் கம்பெனி பெயரையே வரிசையாக எழுதிக்கொண்டு போகாதீர்கள்.

ஏழாவது: தொழிலாளர்கள்

சட்டம் இதில் தெளிவாகவே பேசுகிறது. தனியார்மயத்தால் ஏற்கெனவே சேர்ந்த ஓய்வூதியம் குறையக் கூடாது. நடப்பில் உள்ள தொழிற்சங்க ஒப்பந்தம் அதன் காலம் முடியும்வரை செல்லும். ஓய்வு பெற்றவர்களின் மருத்துவச் செலவுக்கும் ஏற்பாடு எழுதப்பட்டது. ஆனால் வேலை நிச்சயம் என்று எங்கும் எழுதவில்லை. சேர்ந்த உரிமைக்குக் காப்பு இருக்கிறது, நாளைய வேலைக்கு இல்லை. ஆயுத காலத்தில் அங்கே வேலை பார்த்து நோய்ப்பட்டவர்களுக்கான இழப்பீட்டுச் சட்டம் தனியாக 2000இல் வந்தது. அது அரசின் பொறுப்பு, ஒருமுறை தரும் தொகை 1,50,000 டாலர். தேதிக்கோடு இங்கேயும் வேலை செய்வதைப் பாருங்கள்.

எட்டாவது: விலகும் வழி

பைக்டன் கதைக்கு வருவோம். விற்பனைக்குச் சில நாள் முன்பு, 1998 ஜூலையில், யூசெக் கருவூலத் துறையோடு ஒரு ஒப்பந்தம் போட்டது. இரண்டு ஆலைகளையும் 2005 ஜனவரி வரை ஓட்டுவதாக வாக்களித்தது. ஊர்க்காரர்களும் சங்கத்தாரும் இந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டார்கள். ஏழு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. வீட்டுக் கடன் வாங்கலாம், பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கலாம்.

அந்த ஒப்பந்தத்தில் விதிவிலக்குகளும் இருந்தன. இயற்கைச் சீற்றம் போன்ற கையை மீறிய காரணங்களோடு, கம்பெனியின் கடன் தரம் முதலீட்டுக்கு உகந்த நிலைக்குக் கீழே போனாலும் வாக்குறுதி கட்டுப்படுத்தாது. 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தர நிர்ணய நிறுவனம் அந்த மதிப்பைக் குறைத்தது. ஜூனில் போர்ட்ஸ்மவுத்தில் செறிவூட்டலை நிறுத்தப்போவதாகக் கம்பெனி அறிவித்தது. 2001 மே மாதம் நின்றேவிட்டது. ஒப்பந்தம் மீறப்படவில்லை. எழுதியிருந்தபடிதான் நடந்தது.

எனக்கு இது வெறும் சட்ட நுணுக்கமாகத் தோன்றவில்லை. தேதியைப் பெரிய எழுத்தில் சொன்னவர்கள் விதிவிலக்கையும் அதே குரலில் சொல்லியிருக்க வேண்டும். ஒரு கம்பெனி தன் செயலாலேயே தூண்டிவிடக்கூடிய விதிவிலக்கு இருந்தால், அது வாக்குறுதியே அல்ல, விருப்பம். கடன் வாங்குவதும், சொந்தப் பங்கைத் திருப்பி வாங்குவதும், ஈவுத்தொகை கொடுப்பதும் கம்பெனியின் கையில் இருக்கும் முடிவுகள். கடன் தரத்தை அசைப்பவையும் அவையே. ஆகவே நான்காவது பத்தியை நிரப்பும்போது இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: கம்பெனியின் கையை மீறிய காரணம், கம்பெனியே உண்டாக்கக்கூடிய காரணம். இரண்டாவது வகை கண்ணில் பட்டால் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுங்கள்.

இன்னொரு பெரிய வரி, ரஷ்ய யுரேனியம். 1993இல் இரு அரசுகளும் ஒத்துக்கொண்டபடி, ரஷ்ய அணுகுண்டுகளிலிருந்து எடுத்த 500 டன் உயர்செறிவு யுரேனியம் இருபது வருடத்தில் உலை எரிபொருளாக மாற்றப்பட்டு அமெரிக்காவுக்கு வந்தது. ஏறத்தாழ இருபதாயிரம் குண்டுகளின் பொருள். அமெரிக்கத் தரப்பில் அதை வாங்கும் முகவர் யூசெக். உலகப் பாதுகாப்புக்கான ஒரு வேலை, லாபம் பார்க்க வேண்டிய கம்பெனியின் கையில் இருந்தது. சந்தை விலை இறங்கியபோது, தன் ஆலையில் செய்வதா, ரஷ்யாவிடம் வாங்குவதா என்ற கணக்கு கம்பெனிக்கு வந்தது. விற்பனைக்கு முன்பு, 1997 வரை, அதிபரின் பொருளாதார ஆலோசகர் குழுவுக்குத் தலைவராக இருந்த ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் இந்த முரண்பாட்டைச் சொல்லியே விற்பனையை எதிர்த்தார். 1997ஆம் ஆண்டின் முகவர் ஒப்பந்தப்படி கம்பெனி விலகிக்கொள்ளலாம், அரசும் வேறு முகவரைப் போடலாம். 1999இல் விலகிவிடுவோமா என்று கம்பெனி வெளிப்படையாகவே யோசித்தது. கடைசியில் விலகவில்லை, 2013 டிசம்பரில் கடைசிச் சரக்கு வந்து இறங்கியது. ஆனால் நடுவில் சட்டம் யாரையும் கட்டிப்போடவில்லை என்பது உண்மை.

அந்தப் பாடம் 2002 ஜூன் 17 அன்று எரிசக்தித் துறையோடு போட்ட ஒப்பந்தத்தில் தெரிகிறது. படூக்கா ஆலை வருடத்துக்கு எவ்வளவு உற்பத்தி செய்ய வேண்டும், மையவிலக்குத் தொழில்நுட்பத்தில் எந்தத் தேதிக்குள் எந்தக் கட்டத்தை எட்ட வேண்டும், தவறினால் என்ன இழக்க வேண்டும் என்று எழுதினார்கள். 1998 தாளையும் 2002 தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒப்பந்தம் எழுதக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

ஒன்பதாவது: கம்பெனி விழுந்தால்

படூக்கா 2013 மே மாதத்தில் செறிவூட்டலை நிறுத்தியது. ஃபுகுஷிமாவுக்குப் பிறகு சந்தை சரிந்திருந்தது, 53 கோடி டாலர் கடன் பத்திரங்கள் 2014 அக்டோபரில் முதிர இருந்தன. 2014 மார்ச் 5 அன்று யூசெக் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. செப்டம்பர் 30 அன்று சென்ட்ரஸ் எனர்ஜி என்ற பெயரில் வெளியே வந்தது.

திவால் மனு போட்டவுடன் கடன் கொடுத்தவர்கள் கதவைத் தட்ட முடியாது. சட்டம் தானாகத் தடை போடும். ஆனால் பொதுமக்கள் பாதுகாப்புக்காக ஒழுங்குமுறை அமைப்பு எடுக்கும் நடவடிக்கைக்கு அந்தத் தடை பொருந்தாது. ஆணையத்தின் விதிகள் மனுப் போட்ட அன்றும் அப்படியே ஓடும். ஆகவே உங்கள் நோட்டில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு எழுத்துப் போட்டுவையுங்கள்: பணக் கடன் என்றால் ப, பாதுகாப்புக் கடமை என்றால் பா. திவாலில் குறையக்கூடியது முதல் வகை.

பத்தாவது: நோட்டை மூடிவிடாதீர்கள்

சட்டம் மாறிக்கொண்டே இருக்கும். சென்ட்ரஸ் ரஷ்யாவிலிருந்து செறிவூட்டிய யுரேனியத்தைத் தொடர்ந்து வாங்கி விற்றது. 2024 மே மாதத்தில் ரஷ்ய யுரேனிய இறக்குமதித் தடைச் சட்டம் கையெழுத்தானது. ஆகஸ்டிலிருந்து தடை, எரிசக்தித் துறை தரும் விலக்கின்பேரில் மட்டும் 2027 முடிய இறக்குமதி. கையில் விற்பனை ஒப்பந்தம் இருக்கிறது, சரக்கு கொண்டுவர விலக்கு வேண்டும் என்ற நிலை. இதற்கிடையே பைக்டனில், பழைய ஆலை நின்ற அதே வளாகத்தில், அரசு ஒப்பந்தத்தின்கீழ் பதினாறு மையவிலக்கு இயந்திரங்கள் 2023 இறுதியில் ஓடத் தொடங்கின. முதல் தவணையாக, வழக்கத்தைவிட அதிகம் செறிவூட்டிய 20 கிலோ எரிபொருளை எரிசக்தித் துறையிடம் ஒப்படைத்தார்கள்.

இனிப் பயிற்சிக்கு அந்தப் பைக்டன் வளாகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1960இல் நிரப்பிய ஒரு டெய்ல்ஸ் சிலிண்டர், 1999இல் நிரப்பிய ஒன்று, புதிய இயந்திரங்களிலிருந்து வந்த ஒன்று. மூன்றும் பார்வைக்கு ஏறத்தாழ ஒரே மாதிரி எஃகு உருளைகள்தான். மூன்று வரி எழுதி நான்கு பத்தியையும் நிரப்புங்கள். மூன்றாவது சிலிண்டருக்கு இந்தக் கட்டுரை போதாது. அரசோடு போட்ட புதிய ஒப்பந்தத்தில், மிஞ்சும் பொருள் யாருடையது என்று சொல்லும் பிரிவைத் தேடிப் படிக்க வேண்டும். அங்கிருந்து தொடங்குங்கள்.